கால் இல்லாத தவளை

அது சந்திரவல்லியின் புறங்கையில் ஏறி ஊர்ந்து போக ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட ஆகியிருக்காது. ஏலச்செடித் தூரில் மட்கிய சருகை வழித்துக்கொண்டிருந்தாள். கருநீல உடம்பு, விலாவில் மஞ்சள் கோடு, நெடுக வளையம் வளையமாய் ஒரு வழவழப்பான ஜீவன். தலை எது, வால் எது என்று தெரியவில்லை. கையை உதறுவதற்குள் அடுத்த நிரையில் நின்ற நாத்தனார் அய்யம்மாள் பார்த்துவிட்டாள்.

"ஆத்தாடி! இருதலைப் பாம்பு நக்கிருச்சு!"

அய்யம்மாளுக்குத் தொண்டை என்றால் தொண்டை. போடிமெட்டில் நின்று கத்தினால் சிலமலையில் கேட்கும். இருதலைப் பாம்பு நக்கினால் குஷ்டம் என்பது அந்தத் தோட்டத்தில் எல்லோரும் அறிந்த சங்கதி. பொழுது சாய்வதற்குள் சந்திரவல்லியைத் தோட்டத்தாட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வெளியே, பழைய விறகுக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டார்கள். கதவுக்குப் பூட்டு இல்லை. பூட்டு தேவைப்படவும் இல்லை. அவள் தலை வெளியே தெரிந்தாலே லயத்து வாசலில் நாலு பேர் கம்போடு எழுந்து நின்றார்கள்.

புருஷன் வீரணன் எட்டத்தில் நின்றுதான் பேசினான்.

"ஒரு மண்டலம் பொறுத்துக்க. ஒடம்புல திட்டு எதுவும் விழுகலைன்னா உள்ள வந்துரலாம்."

"அது பால்குடிப் புள்ளையாச்சே. ஒரு மண்டலம் எதைக் குடிக்கும்?"

"அக்கா கஞ்சித் தண்ணி குடுக்குது."

"குடிக்குதா?"

வீரணன் மழைக்குப் போர்த்தியிருந்த சாக்குக் கொங்காணியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டான். பிள்ளையைப் போடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவும் வழியில்லை. ஆடி மழையில் பாதை சரிந்து, ஜீப்பு ஏறி வரவே இல்லை.

மறுநாள் தோட்டத்துக் கம்பவுண்டர் சுந்தரராஜ் குடையோடு வந்தார். கொட்டகைக்கும் லயத்துக்கும் நடுவில் நின்று பேசினார்.

"அது பாம்பே இல்லப்பா. மலையாளத்தாளுக குருடிங்கிறாங்கள்ல, அதுதான். புத்தகத்துல தவளைச் சாதின்னு போட்டிருக்கு. நீர்நில வாழ்வன. நக்கவும் நக்காது, வியாதியும் வராது."

கொட்டகைக்குள் சந்திரவல்லி எழுந்து நின்றுவிட்டாள்.

"தவளைன்னா கால் எங்க சார்?" என்று ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அய்யம்மாள் சிரிக்கவில்லை. "அப்பிடின்னா நீங்க ஒன்னக் கையில புடிச்சுக் காட்டுங்க. இப்பவே அவள உள்ள கூட்டியாறேன்" என்றாள்.

கம்பவுண்டர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். சோலி கிடக்கிறது என்று சொல்லி நடையைக் கட்டினார். புத்தகத்தில் இருப்பதைச் சொல்ல வாய் போதும், பிடிக்கக் கை வேண்டுமே! அந்த ஆளை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

அன்று முழுக்கப் பிள்ளையின் அழுகை கேட்டது. ஒவ்வொரு அழுகைக்கும் அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. விடிந்தபோது அழுகை முனகலாகிவிட்டிருந்தது. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

கொட்டகை மூலையில் ஊறிக் கிடந்த மரத்தூளைக் கிளறினாள். கம்பவுண்டர் சொன்னதை அவள் நம்பினாளா என்றால், இல்லை. பிறந்ததிலிருந்து அவளுக்கும் அது இருதலைப் பாம்புதான். ஆனால் குஷ்டம் வர வருஷமாகும், பிள்ளைக்குப் பசி இப்போது. ஈரத்தில் ஒன்று நெளிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். அது ஜில்லென்று விரலில் சுற்றிக்கொண்டது.

கையை முன்னால் நீட்டியபடி லயத்தை நோக்கி நடந்தாள். கம்பு வைத்திருந்த நாலு பேரும் நாலு திக்கில் ஓடினார்கள். அய்யம்மாள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தாள். வீரணன் மட்டும் வீட்டு வாசலை மறித்து நின்றான்.

"வேணாம் சந்திரா, கிட்ட வராத!"

அவள் நிற்கவில்லை. கை நெருங்க நெருங்க அவன் சுவரோரமாய் ஒதுங்கி, கடைசியில் மழைக்குள் இறங்கிவிட்டான். அவள் அதைச் சாக்கடையோரம் மெல்ல விட்டாள். கூரைத் தண்ணீரில் தோல் சிவக்கக் கையைத் தேய்த்துக் கழுவினாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

பிள்ளைக்கு முதலில் வாய் வைக்கவே தெம்பில்லை. பிறகு பற்றிக்கொண்டது. சந்திரவல்லி வாய்விட்டு அழுதாள்.

"கதவத் தொற!" என்று வீரணன் தட்டினான்.

"பயமா இருந்தா நீங்க போயிக் கொட்டகையில இருங்க. ஒரு மண்டலம்தான்."

வெளியே சத்தம் அடங்கியது. பிள்ளை குடித்துக்கொண்டே இருந்தது. மழை மூட்டத்தில் பகலிலும் உள்ளே இருட்டாக இருந்தது. அவள் சிம்னி விளக்கைப் பக்கத்தில் இழுத்து, தன் கையை அந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.