நோவாக்கின் கையெழுத்து

சாவதற்குச் சில நாள் முன்பு ஆர்லோ போனில் சொன்னதை டெல்பர்ட் நோவாக் சிரித்துத் தள்ளிவிட்டார்.

"டேய் டெல், என் தபால்பெட்டி திடீர்னு ரொம்பி வழியுதுடா. எல்லாத்துலயும் கையெழுத்து கேக்குறானுங்க. இத்தனை வருஷம் ஒரு நாய்கூட என்னைச் சீண்டல."

"உன் மூஞ்சிக்கு இப்பத்தான் மவுசு வந்திருக்கு. அனுபவி."

ஆர்லோ அவரோடு ஒரே அணியில் பேஸ்பால் ஆடியவன். இவர் எறிவார், அவன் பிடிப்பான். நல்ல கல்லுக்குண்டு உடம்பு. ஒருநாள் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அடக்கத்தன்று அவன் மகள் டெல்லைத் தனியே இழுத்து, "அப்பா போன அன்னைக்குக் காலைலேர்ந்தே ஒரு கடிதம் வரல, அங்கிள். நாங்க யாருக்கும் சொல்லக்கூட இல்ல. எப்படி அங்கிள் நின்னுச்சு?" என்று கேட்டாள்.

கையெழுத்து சேகரிப்பவர்களின் கணக்கு புரியாததல்ல. ஆட்டக்காரன் கண்ணை மூடினால் கையெழுத்துக்கு விலை ஏறும், அதனால் கிழடுகளாகப் பார்த்து எழுதுவார்கள். ஆனால் எந்தக் கிழத்துக்கு எப்போது என்று அவர்களுக்கு மூக்கில் வியர்க்குமா என்ன? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றில் உட்கார்ந்து டெல் இதையே யோசித்தார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிப்ரவரிப் பனியில் அவருடைய பெட்டியும் நிறையத் தொடங்கியது.

"என்ன மிஸ்டர் நோவாக், மறுபடியும் ஆட வரச் சொல்லிட்டாங்களா?" என்றாள் தபால்காரி டார்லின். "பெட்டி மூடியே மூட மாட்டேங்குது!"

டெல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பிரித்தார். அத்தனையும் உறைகள். ஒவ்வொன்றிலும் அவருடைய பழைய படம் அச்சிட்ட அட்டை, ஸ்டாம்ப் ஒட்டிய பதில் உறை, பணிவான நாலு வரி. ஊர் ஊராக, ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கை நடுக்கம் வந்ததிலிருந்து காபிக் கோப்பையையே இரண்டு கையால் பிடிப்பவர் அவர். கையெழுத்தெல்லாம் மனைவி வில்மாதான் போடுவாள். ஊருக்கே தெரியாத விஷயம். ஒருமுறை கையெழுத்து சேகரிப்பவர்கள் கூடும் சந்தையில் வீம்புக்கு அவரே ஒரு பந்தில் கையெழுத்திட்டார். வாங்கியவன் அடுத்த மேசையில் இருந்த நிபுணரிடம் நீட்ட, அவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "போலி" என்று திருப்பிக் கொடுத்தார். வீடு வந்து சேரும்வரை வில்மா காரில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நிஜ நோவாக் யாருன்னு இப்பத் தெரிஞ்சுதா, கிழவா?"

இப்போது அவளிடம் ஆர்லோவின் கதையைச் சொன்னார். அவள் அட்டைகளை அடுக்கியபடி, "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"குதிரை இதயமாம்."

"அப்ப புல்லைத் தின்னுட்டு சும்மா கிட."

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சாவுக்குக்கூட அவ்வளவு பயமில்லை. இவளை இந்தப் பனியில் ஒற்றையாய் விட்டுப் போகிறோமே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. வீட்டுக்கு அடியில் இருந்த நிலவறைக்கு அவளைக் கூட்டிப்போய் வீட்டைச் சூடாக்கும் உலையை எப்படிப் பற்றவைப்பது என்று காட்டினார்.

"இத்தனை வருஷமா இதை யாரு பத்தவெச்சா? பேயா?"

"விளையாடாத வில்மா. நான் போறதுக்குள்ள எல்லாருக்கும் பதில் போயிடணும். அவங்க ஸ்டாம்பை வெச்சுக்கிட்டு ஏமாத்தினேன்னு பேர் வேண்டாம்."

அவள் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தாள். காலையில் உட்கார்ந்தால் வெளிச்சம் மங்கும்வரை எழுதினாள். வால் நீண்ட அந்தப் பெரிய 'டி', அதற்குப் பின்னால் ஓடும் மற்ற எழுத்துகள். அனுப்ப அனுப்ப இன்னும் வந்தன.

"தோள் இழுக்குது டெல். பனி அள்ளினதுல பிடிச்சிருக்கும் போல."

"ம்," என்றார் டெல். அவர் தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டியைத் திறந்தார். காலி. கையை உள்ளேவிட்டுத் துழாவினார். வெறும் தகரம், ஜில்லென்று. தெருமுனையில் டார்லினின் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு ஒண்ணுமே இல்ல மிஸ்டர் நோவாக்!" என்று கத்தினாள். "என் முதுகு பொழச்சுது!"

நின்றுவிட்டது. டெல் மார்பில் கையை வைத்தார். குதிரை இதயம் திமுதிமுவென்று ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு வெள்ளைப் புகையாய் வந்தது. நின்றுவிட்டது, ஆனால் அவர் நின்றுகொண்டிருக்கிறார்! சந்தோஷத்தில் கண் கரித்தது. அந்த வயதிலும் படியில் தாவி ஏறினார்.

"வில்மா! தப்பிச்சேன்டி! பெட்டி காலி!"

அடுக்களை மேசையில் காபி ஆவி பறந்துகொண்டிருந்தது. வில்மா அட்டைகளின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். விரலிடுக்கில் பேனா இருந்தது. அவர் தோளைத் தொட்டார். பிறகு உலுக்கினார். பிறகு அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

அத்தனை பேரும் நோவாக்கின் கையைத் தேடித்தான் எழுதியிருக்கிறார்கள். அது எந்தக் கை என்று அவர் ஒருநாளும் யோசிக்கவில்லை.

கடைசி அட்டையில் 'டி' மட்டும் இருந்தது. அதன் வால் அட்டையைத் தாண்டி மேசைவரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. டெல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு பேனாவை மெல்ல உருவி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மிச்சப் பெயரை எழுதி முடித்தார்.

பார்த்ததுமே தெரிந்தது, போலி.