நுகுஅலோஃபாவில் ஆடி அமாவாசை

யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம் சிட்னிக்குக் கப்பலில் வரும். 1973ஆம் ஆண்டுப் பஞ்சாங்கம் நார்த்மீட் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆனி மாதம் பிறந்துவிட்டது. சச்சிதானந்தனின் விமானச் சீட்டும் எடுத்தாகிவிட்டது.

அவர் பரமட்டாவில் பெரிய தராசுகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தார். டொங்கா நாட்டின் தலைநகரான நுகுஅலோஃபாவில், கொப்பரை நிறுக்கும் துறைமுகத் தராசு ஒன்று கொஞ்ச நாளாக உண்மை பேச மறுத்தது. அதைத் திருத்திவிட்டு வரும்படி அவரை அனுப்பினார்கள். அவர் அதுவரை பார்த்த வெளிநாடு ஆஸ்திரேலியா ஒன்றுதான். அதிலும் பெரும்பாலும் பரமட்டாதான்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் அவர் மனைவி இராஜேஸ்வரி, குசினி மேசையில் பஞ்சாங்கத்தை விரித்தபடி. “ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வருகுது. நீங்கள் அண்டைக்கு அந்தத் தீவில எல்லோ நிப்பியள்?”

“ஓம். திங்கள்தான் பிளேன்.”

சச்சிதானந்தனின் தகப்பனார் கலியாணசுந்தரம் போன கார்த்திகையில் சாவகச்சேரியில் காலமானார். தந்தி வந்து சேர்ந்தபோதே எல்லாம் முடிந்திருந்தது. ஒரே மகன் கொள்ளி வைக்கவில்லை. தகப்பன் இல்லாதவர்கள் விரதமிருந்து, கடலில் இறங்கி, எள்ளும் தண்ணீரும் விடும் நாள் ஆடி அமாவாசை. அவருக்கு இதுதான் முதலாவது. இதையாவது தவறவிடக்கூடாது என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. இராஜேஸ்வரிக்கு அது தெரியும்.

“யோசிச்சுப் பாத்தா இதுவும் நல்லதுக்குத்தான்,” என்றாள் அவள். “இஞ்சை ஆடி மாசத்துக் கடல் ஐஸ் மாதிரி. அங்கை எந்தப் பக்கம் திரும்பினாலும் தீர்த்தம்.”

“ஐயர்?”

“ஐயரை ஆர் அங்கை கொண்டுபோறது? பேரைச் சொல்லி மூண்டு தரம் தண்ணி விடுங்கோ. மத்தியானம் காகத்துக்கு ஒரு பிடி வையுங்கோ. காகம் எடுத்தாப்பிறகுதான் நீங்கள் சாப்பிட வேணும், சொல்லிப்போட்டன். மாமா ஒருநாளும் தனியச் சாப்பிட்டவரே? சோத்துக் கோப்பைக்கு முன்னால இருந்துகொண்டும் றோட்டில படலையடியால போறவனைக் கூப்பிடுவர்.”

“போறவன் சாப்பிட்டிட்டன் எண்டு சொன்னாலும் விடமாட்டார்,” என்றார் சச்சிதானந்தன்.

அவள் ஒரு சரை கறுப்பு எள், தர்ப்பை, விபூதி, ஒரு செம்பு, வெள்ளை வேட்டி எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினாள். தராசு திருத்தும் சாமான்களை அவர் கையில் கொண்டுபோகவேண்டி வந்தது.

ஃபிஜியில் இறங்கிச் சிறிய விமானம் மாறினார். டொங்காவின் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி பெட்டியைத் திறந்து எள்ளையும் புல்லையும் நெடுநேரம் பார்த்தார்.

“இவை யாருக்கு?”

“என் அப்பாவுக்கு.”

“அப்பா எங்கே தங்கப்போகிறார்?”

“அவர் இறந்துவிட்டார்.”

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். “இதை நிலத்தில் விதைப்பீர்களா?”

“கடலில் போடுவேன்.”

“கடலில் முளைக்காது,” என்று சொல்லி அவர் பெட்டியை மூடிக் கையில் கொடுத்தார்.

லவீனியா என்ற கைம்பெண் நடத்திய தங்குவிடுதியில் சச்சிதானந்தனுக்கு அறை கிடைத்தது. லவீனியா அகன்ற தோள்கள் கொண்டவள். அவள் உட்காரும்போது கதிரை தன் கருத்தைச் சொல்லும். அன்று மாலையே அவர் தலைநகரைப் பார்க்கப் புறப்பட்டார். கடலோரத்தில் வெள்ளை மரத்தாலான அரண்மனை. அதற்குப் பக்கத்தில் உயர்ந்த ஊசியிலை மரங்கள். ஒரு பெரிய தெரு, சில கடைகள், சைக்கிள்கள், எந்த அவசரமும் இல்லாமல் தெருவைக் கடக்கும் பன்றிகள். தலைநகர் முடிந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்ததால் அதை இன்னொரு முறை பார்த்தார்.

ஆண்கள் எல்லோரும் இடுப்பில் துணி சுற்றி, அதன்மேல் பாய் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். காற்சட்டை போட்டவர் அவர் ஒருவர்தான். வேட்டியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காற்சட்டையோடு நடப்பது அவருக்கு என்னவோ போல இருந்தது.

தராசு சனிக்கிழமை மத்தியானம் உண்மை பேசத் தொடங்கியது. அன்று பிற்பகல் ஊரில் எல்லோரும் வாங்கவேண்டியதை வாங்கினார்கள், வெட்டவேண்டியதை வெட்டினார்கள்.

“நாளைக்கு ஞாயிறு,” என்றாள் லவீனியா.

“ஆம்,” என்றார் சச்சிதானந்தன்.

“இல்லை. நாளைக்கு ஞாயிறு,” என்றாள் அவள் மறுபடியும்.

அவர் தலையசைத்தார். அந்த நேரத்தில் அவர் தன் காரியத்தை அவளிடம் சொல்லியிருக்கலாம். நம்முடைய துக்கம் நம்மோடு, அதைக் கொண்டுபோய் அந்நியர் தலையில் ஏன் ஏற்றவேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல மனிதர்களுக்குத்தான் இந்த எண்ணம் அதிகம் வருகிறது. மற்றவர்கள் உதவுவதற்கு இருக்கும் வழியை அவர்கள் இப்படித்தான் மரியாதையோடு அடைத்துவிடுகிறார்கள்.

ஞாயிறு காலை அவர் குளித்து, வேட்டி கட்டி, விபூதி பூசி, கோயிலுக்குப் போவதுபோல மேலுக்கு எதுவும் போடாமல், செம்பும் எள்ளுமாகக் கடலோரத் தெருவில் இறங்கினார். ஊர் முழுவதும் புதுப்பாய் கட்டித் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் அவருக்குக் காலை வணக்கம் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

தண்ணீருக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது ஒரு பொலிஸ்காரர் குறுக்கே வந்து நின்றார். சேமிசி என்பது அவர் பெயர். இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள்.

“ஐயா, எங்கே போகிறீர்கள்?”

“கடலுக்கு.”

“இன்று ஞாயிறு. கடலில் இறங்கக்கூடாது. சட்டம்.”

“நான் நீந்தப் போகவில்லை.”

“சட்டை எங்கே?”

“அறையில்.”

“சட்டை இல்லாமல் தெருவில் நிற்கக்கூடாது. அதுவும் சட்டம்.” சேமிசி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “ஞாயிறு இல்லாத நாட்களிலும்.”

அப்போது மணி அடித்தது. சேமிசியின் முகம் மாறியது. பாடகர் குழுவில் கீழ்க்குரல் அவருடையது. கைதியை விட்டுவிட்டுப் போகமுடியாது, கைதிக்காகப் பாட்டை விடவும் முடியாது. ஆகவே அவர் கைதியையும் தேவாலயத்துக்கு அழைத்துப் போனார். வழியில் லவீனியா வந்து சேர்ந்தாள். ஒரு வார்த்தையும் கேட்காமல் திரும்பிப்போய், காலமான தன் கணவரின் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது சச்சிதானந்தனின் முழங்கால்வரை வந்தது.

அப்படிப்பட்ட பாட்டை அவர் முன்பு கேட்டதில்லை. வாத்தியம் எதுவும் இல்லை. குரல்கள் எழுந்தபோது உட்கார்ந்திருந்த பலகை அதிர்ந்தது. மடியிலிருந்த செம்பும் அதிர்ந்தது. அவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அமாவாசை அவருக்காகக் காத்திருக்காது. கொள்ளியும் வைக்கவில்லை, இப்போது தண்ணீரும் இல்லை. அந்தப் பாட்டு யாருடைய கடவுளுக்கு என்று பாராமல், அப்பாவுக்காக ஒரு விண்ணப்பத்தை அவரும் அதோடு சேர்த்து அனுப்பிவைத்தார்.

ஆராதனை முடிந்ததும் சேமிசி அவரை முன்னால் அழைத்துப் போய்ப் போதகரிடம் நடந்ததைச் சொன்னார். கூட்டம் கலையாமல் நின்றது.

“கடலில் உமக்கு என்ன வேலை?” என்று கேட்டார் போதகர்.

“என் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கவேண்டும். இறந்தபின் வரும் முதல் வருடம்.”

“அடக்கத்துக்குப் போனீரா?”

“இல்லை.”

போதகர் அதை டொங்கா மொழியில் கூட்டத்துக்குச் சொன்னார். பிறகு லவீனியாவின் குரல் கேட்டது.

“மனுசா! புதன்கிழமையிலிருந்து என் வீட்டு ரொட்டியைச் சாப்பிடுகிறாய். அப்பா செத்துப்போனார் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? நான் உன்னிடம் தராசைப் பற்றி அல்லவா கேட்டுக்கொண்டிருந்தேன்!”

“மன்னிக்கவேண்டும்,” என்றார் சச்சிதானந்தன்.

“மன்னிப்பு எல்லாம் பிறகு.”

அவள் வீட்டுக்குப் போய் ஒரு பழைய பாயைக் கொண்டுவந்தாள். ஓரமெல்லாம் பிய்ந்து, நார் நாராகத் தொங்கியது. அதை அவர் வேட்டிக்கு மேலே சுற்றிக் கயிற்றால் இறுக்கினாள். துக்க வீட்டில் கட்டும் பாய் அது என்று சேமிசி விளக்கினார். தூரத்துச் சொந்தம் நல்ல பாய் கட்டும். மகன் கட்டுவதுதான் ஊரிலேயே கிழிந்த பாய்.

“இது மிகவும் கிழிந்த பாய்,” என்றார் சேமிசி, மரியாதையோடு.

பிறகு போதகர் தீர்ப்புச் சொன்னார். “ஞாயிறில் குளிப்பது குற்றம். அப்பாவை நினைப்பது குற்றமல்ல. சட்டையைக் கழற்றித்தான் ஆகவேண்டுமா?”

சச்சிதானந்தன் யோசித்தார். பெரியவர்களுக்கு முன்னால் தன்னைத் தாழ்த்திக்கொள்ளத்தான் மேல்துணியை எடுக்கிறோம். இந்தப் பாயை இடுப்பில் கட்டியபிறகு இன்னும் தாழ்த்துவதற்கு ஒன்றுமில்லை.

“தேவையில்லை,” என்றார்.

“முழங்காலுக்கு மேலே தண்ணீர் வந்தால் அது குளிப்பு,” என்றார் சேமிசி. “நான் கூட வந்து பார்த்துக்கொள்கிறேன்.”

அமாவாசை நாளில் கடல் வெகுதூரம் உள்வாங்கும். அவர்கள் கூட்டத்தோடு கரைக்கு வந்தபோது அது கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. இருவரும் ஈர மணலிலும் பாசியிலும் நடந்தார்கள். சேமிசி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். நெடுநேரம் நடந்தபின் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. இன்னும் நடந்தார்கள். அப்போதும் கணுக்காலைத்தான் தொட்டது.

“சட்டத்துக்கு ஆபத்தில்லை,” என்றார் சேமிசி.

சச்சிதானந்தன் தெற்கே பார்த்து நின்றார். தர்ப்பையை விரலில் மாட்டினார். செம்பில் தண்ணீர் மொண்டு, எள்ளைக் கையிலெடுத்து, “சாவகச்சேரி கலியாணசுந்தரம்” என்று அப்பாவின் பெயரைச் சொல்லித் தண்ணீரை விட்டார். ஊரின் பெயரையும் சேர்த்துச் சொன்னது, இவ்வளவு தூரத்தில் ஆள் மாறிவிடக்கூடாதே என்பதற்காக. இரண்டாவது முறை குரல் உடைந்தது. மூன்றாவது முறை கரையிலிருந்து பாட்டு வந்தது. கலைந்து போயிருப்பார்கள் என்று அவர் நினைத்தவர்கள் அங்கேயே நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். சேமிசி தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நின்றபடியே தன் கீழ்க்குரலைச் சேர்த்தார்.

மத்தியானச் சாப்பாடு லவீனியா வீட்டில். மண்ணுக்குள் சூடான கல்லில் வெந்த உணவுகளை வெளியே எடுத்தார்கள். இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று அவர் இந்தமுறை முன்கூட்டியே சொன்னார். அவர் திருந்திக்கொண்டிருந்தார். வள்ளிக்கிழங்கும், தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும் அவருக்கு வந்தன. அவர் ஒரு பிடியை இலையில் எடுத்து முற்றத்து மதிலின்மேல் வைத்தார்.

“இது யாருக்கு?” என்றாள் லவீனியா.

“காகத்துக்கு. அது சாப்பிட்டால் அப்பா சாப்பிட்டதுபோல. அதன்பிறகுதான் நான் சாப்பிடலாம்.”

“எப்படிக் கூப்பிடுவது?”

“கா, கா.”

வீடு முழுவதும் மதிலடியில் நின்று “கா, கா” என்று கூப்பிட்டது. சேமிசி தன் கீழ்க்குரலில் கூப்பிட்டார். இப்படியே கொஞ்ச நேரம் போனபின், காகம் எப்படி இருக்கும் என்று லவீனியா கேட்டாள். அவர் விளக்கினார். அவர்கள் தங்களுக்குள் கலந்து பேசினார்கள்.

“அப்படி ஒரு பறவை இந்த நாட்டில் இல்லை,” என்றாள் அவள்.

“பிறகு ஏன் கூப்பிட்டீர்கள்?”

“நீ கூப்பிட்டாயே.”

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது வேலிப்பக்கமாக ஒரு பன்றி வந்தது. நல்ல கறுப்பு. அது முன்னங்கால்களை மதிலில் வைத்து, இலையைக் கீழே இழுத்து, ஒரு துணுக்கும் மிச்சம் விடாமல் சாப்பிட்டது. இலையையும் சாப்பிட்டது. பிறகு சச்சிதானந்தனை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டது. லவீனியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் சாப்பிடாவிட்டால் அவர்களும் சாப்பிடமாட்டார்கள் என்று தெரிந்தது.

விமானத்தில் அவர் மனம் அமைதியாக இல்லை. தண்ணீர் சேர்ந்திருக்கும். சாப்பாடு சேர்ந்ததா? பன்றி தின்றதை எந்தச் சாத்திரத்தில் எழுதிச் சேர்ப்பது? இராஜேஸ்வரியிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஃபிஜிவரை யோசித்தார். சொல்லாமல் விடும் பழக்கத்துக்குத் தான் அண்மையில் வாங்கிய ஏச்சு ஃபிஜியில் ஞாபகம் வந்தது.

சிட்னி விமான நிலையத்தில் இராஜேஸ்வரி நின்றாள். அவர் இடுப்பில் பாய் இருந்தது. துக்கம் முடியுமுன் அதை அவிழ்க்கும் உரிமை அவருக்கு இல்லை என்று லவீனியா சொல்லி அனுப்பியிருந்தாள்.

“இதென்னப்பா கோலம்?”

காரில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். சட்டம், சட்டை, பாட்டு, கணுக்கால் தண்ணீர். கடைசியில் அவள் கேட்டாள்.

“காகம் எடுத்ததோ?”

“அங்கை காகம் இல்லை.”

“பின்னை?”

“ஒரு பண்டி வந்தது.”

பரமட்டா வீதியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது பச்சையானதும் அவள் கேட்டாள்.

“என்ன நிறம்?”

“கறுப்பு.”

“நீங்கள் கூப்பிட்டு வந்ததோ, தானா வந்ததோ?”

“நாங்கள் காகத்தைத்தான் கூப்பிட்டனாங்கள். அது வேலியடியால போனது, வந்திட்டுது.”

“வடிவாச் சாப்பிட்டதோ?”

“இலையையும் சேத்து.”

இராஜேஸ்வரி இருக்கையில் சாய்ந்துகொண்டாள்.

“படலையடியால போறது ஆரெண்டு மாமா எப்ப பாத்தவர்?” என்றாள். “பசியோட போச்சுதோ எண்டுதானே கேப்பர். நீங்கள் அந்த மனுசிக்கு ஒரு காயிதம் எழுதுங்கோ. நானும் கீழ ரெண்டு வரி எழுதிறன்.”

வீட்டுக்கு வந்ததும் அவள் அவர் இடுப்பிலிருந்த பாயின் கயிற்றை அவிழ்த்து, மணலைத் தட்டி, நாலாக மடித்துச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்தாள்.