பட்டியலில் ஏறிய நெற்றிகள்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'பெருசு'. வயது ஐம்பத்தொன்று, கம்ப்யூட்டர் தொழிலில் அது கிட்டத்தட்ட தொல்பொருள். ஐந்து பேர் இருந்த பிரிவில் இப்போது அவரும் ஒரு ஏ.சி. மெஷினும்தான் மிச்சம். இன்று பதினொரு மணிக்குத் துறைமுகத்துக்காரர்கள் வந்து பார்த்துச் சரி என்றால் பிரிவு பிழைக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியோடு மூடுவிழா. இந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்?

அவர்கள் பார்க்க வருவது, பெருசு எழுதிய, திரையில் ஓடும் கப்பல் வருகைப் பட்டியலை. துறைமுகத்தில் இருப்பவை பழைய கம்ப்யூட்டர்கள். திரை முழுவதையும் திரும்பத் திரும்ப வரையச் சொன்னால் மூச்சு வாங்கும். அதனால் பெருசு தலைப்பை அப்படியே நிறுத்திவிட்டு, பட்டியல் இருக்கும் பகுதியை மட்டும், ஏற்கெனவே வரைந்த படமாகவே, ஒரு வரி மேலே தள்ளுவார். அடியில் காலியாகும் ஒற்றை வரியை மட்டும் புதிதாக வரைவார். எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது.

பத்தரைக்கு மேலாளர் வந்தார். கையில் பென் டிரைவ். அதில் அவருடைய புகைப்படம். கீழே 'நாளையை இன்றே காண்பவர்' என்று எழுதியிருந்தது.

"இத வலது பக்கம் கீழ் மூலையில போடுங்க. பட்டியலுக்கு மேலயே. வர்றவங்க பாக்கணும்."

"சார், அது நகர்ற பகுதி. உங்க படத்தையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடும். அந்த இடத்த மட்டும் தனியா வரைய வைக்கணும். சோதிச்சுப் பாக்க அரை நாள் வேணும்."

"ஒரு போட்டோ ஒட்ட அரை நாளா? எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல நானே ஒட்டுவேன்."

"ஃபிரிட்ஜ் நகராது சார்."

மேலாளர் சிரிக்கவில்லை. "முடியுமா, முடியாதா? முடியலன்னா சொல்லுங்க பெருசு, முடியறவங்கள வெச்சுக்கறேன்."

முடியாது என்ற சொல் தொண்டைவரை வந்தது. கூடவே மாதக் கடைசியும் வந்தது. விழுங்கிவிட்டு ஒட்டினார். ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் படத்தை அதே மூலையில் மறுபடி வரையும்படி எழுதினார். ஓடவிட்டுச் சோதித்துப் பார்க்க நேரமில்லை.

துறைமுகத்திலிருந்து ஓர் அம்மாளும் இரண்டு அதிகாரிகளும் வந்தார்கள். மேலாளர் தொலைநோக்கைப் பற்றி இருபது நிமிடம் பேசி, பேச்சின் தூரத்தில் தானே தொலைந்து, ஒருவழியாகத் திரும்பி வந்தார். பெருசு பட்டியலை ஓடவிட்டார்.

முதல் கப்பல் வந்தது. பட்டியல் ஒரு வரி ஏறியது; மேலாளரின் நெற்றியும் ஒரு வரி ஏறியது. மூலையில் புதிய மேலாளர், அவருக்கு மேலே பழைய நெற்றியின் மிச்சம். அடுத்த கப்பலுக்கு இன்னொரு நெற்றி. பத்தாவது கப்பலில், வந்துசேரும் நேரம் தெரிய வேண்டிய இடம் முழுக்க வழுக்கை நெற்றி தலைப்புவரை வளர்ந்து நின்றது.

"ஏன் சார்," என்றார் அந்த அம்மாள் மேலாளரிடம், "எங்க கப்பல் எத்தனை மணிக்கு வரும்னு உங்க நெத்தியிலயா எழுதியிருக்கு?"

அதிகாரிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பெருசுக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது.

"இவர் செஞ்சது மேடம்," என்றார் மேலாளர். "முடியுமா முடியாதான்னு அப்பவே கேட்டேன். முடியும்னாரு."

பெருசு அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒட்டியது அவர் கைதானே.

"ஒரு மணி நேரம் குடுங்க மேடம்..." என்றார் பெருசு.

"வேணாங்க. சாயங்காலம் இன்னொரு கம்பெனிக்காரங்க அவங்களோடத காட்டறாங்க." அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்தால் கெஞ்சிப் பார்த்திருக்கலாம்.

அவர்கள் போனதும் பெருசு உட்கார்ந்து சரிசெய்தார். அரை நாள் ஆகவில்லை, நாற்பது நிமிடம். மேலாளர் மூலையில் அசையாமல் நிற்க, கப்பல்கள் அவருக்கு அடியில் சுவடின்றி நழுவிப் போயின. போய்ச் சொல்ல மேலாளர் அறைவரை நடந்தார். பிரிவை மூடும் கடிதம் தட்டச்சாகிக்கொண்டிருந்தது. திரும்பி வந்துவிட்டார்.

மனைவி போன் செய்தாள். "என்னங்க, பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

"அப்பாடா! அப்போ பிடிச்சுப் போச்சு."

அவர் 'இல்லை' என்று சொல்லவில்லை.