எந்தத் தாளிலும் இல்லாத ரப்பர் விரிப்பு

1.

இந்தக் கதை செய்தித்தாளின் ஆறாம் பக்கத்தில் வந்த நாலு வரியில் பிறந்தது. வங்கிக் காவலாளி ஒருவர், வரிசையில் நின்ற ஒரு அம்மா தவறவிட்ட டோக்கனை எடுத்துக் கொடுக்கக் குனிந்தார். இடுப்பு உறையிலிருந்து பிஸ்டல் நழுவித் தரையில் விழுந்து வெடித்தது. அந்த அம்மா செத்துப்போனார். 'காவலாளியின் கவனக்குறைவு' என்று முடிகிறது நாலாவது வரி. அந்த நாலாவது வரி பொய். காவலாளி ஜெயிலில் இருக்கிறார்.

முதல் தொடக்கம்: "காலை பத்து மணி. கண்ணாடிக் கதவு வழியே இளவெயில்..."

வேண்டாம். நான் அங்கே இல்லை. வெயில் அடித்ததா, மழை பெய்ததா, எனக்கென்ன தெரியும்?

இரண்டாவது தொடக்கம்: "பிஸ்டல் செய்யும் ஆலையில், பிஸ்டலைக் கீழே போடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் ஒருவர் உண்டு."

இது நிற்கும். அவரை எனக்குத் தெரியும்.

2.

ஆலையில் அவருக்குக் கைநழுவி என்று பெயர். பட்டப்பெயர்தான், கூப்பிட்டால் திரும்புவார். மருந்தும் குண்டும் இல்லாமல், பின்பக்கம் வெடிக்கிற தொப்பி மட்டும் உள்ள வெற்றுத் தோட்டாவைப் பிஸ்டலில் போடுவார். ஆள் நெஞ்சு உயரத்தில் ஒரு கவ்வியில் மாட்டுவார். மூக்கு கீழாக, பிடி கீழாக, முதுகு கீழாக என்று ஆறு விதமாகத் தரையில் விடுவார். 'டப்' என்று கேட்டால் பிஸ்டல் தோற்றது. கேட்காவிட்டால் தாளில் கையெழுத்து. வருடக்கணக்காகக் கேட்கவில்லை.

வீட்டில் ஒரு டம்ளர் கை தவறினால் போதும். மனைவி அடுக்களையிலிருந்தே, "அங்க போடுறது பத்தாதா? இங்கயும் டூட்டியா?" என்பார்.

"இங்க ஓவர்டைம்" என்பார் இவர்.

3.

டிசைன் மேடம்.

(இவரை முதலில் தலை நரைத்த, மென்மையாகப் பேசுகிற நல்ல மனுஷியாக எழுதினேன். அடித்துவிட்டேன். நல்லவரா என்பது பேச்சில்லை. விஷயம் தெரிந்தவர், அதுதான் பேச்சு.)

மாடியில் பிஸ்டலை வரைகிற டிசைன்காரர்கள் சோதனை அறைக்குள் வர மேனேஜரின் அனுமதிச் சீட்டு வேண்டும். மேடத்துக்கு அது கிடைத்ததே இல்லை. அதனால் சாப்பாட்டு வரிசையில் வைத்துக் கைநழுவியைப் பிடித்தார்.

"உள்ள ஒரு ஊசி இருக்கு அண்ணே. அது முன்னால ஓடித் தொப்பியக் குத்தினாத்தான் வெடிக்கும். டிரிகர இழுக்காத வரைக்கும் ஊசிய ஒரு சின்னக் கட்டை மறிச்சிட்டு நிக்கும். கட்டைய ஒரு ஸ்பிரிங் பிடிச்சு வச்சிருக்கு."

"சரி. அப்புறம் என்ன கவலை?"

"டிரிகர் பஞ்சு மாதிரி இருக்கணும்னு வாங்கறவங்க கேட்டாங்களாம். ஸ்பிரிங்க இளக்கச் சொல்லிட்டாங்க. மூக்கு குப்புற, கொஞ்சம் சாஞ்சு விழுந்தா, அந்த அடியில கட்டை எகிறும், ஊசியும் ஓடும். ஒரே நேரத்துல."

"நீங்க எழுதி அனுப்புனீங்கன்னு சாச்சும் போட்டுப் பாத்தேனே மேடம். ஒண்ணும் ஆகல."

"அதாண்ணே எனக்குப் புரியல. கணக்குப்படி வெடிக்கணும்."

மூன்று கடிதம் எழுதினார் மேடம். மூன்றுக்கும் மேனேஜரின் பதில் ஒன்றுதான்: டெஸ்ட் பாஸ்.

கணக்கு சரி. அந்தத் தரைதான் தரையாக இல்லை.

4.

இந்த இடத்தில் ஒரு வாக்கியத்தை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். "சோதனைத் தரையில் யாரோ ரப்பர் விரிப்பைப் போட்டுவிட்டார்கள்."

யாரோ இல்லை. நான்.

அந்த அறையைக் கூட்டிப் பெருக்கிப் பெட்டி தூக்குகிறவன் நான். கீழே போட்ட பிஸ்டலையும் மெருகேற்றி விற்றுவிடுவார்கள். கீறல் விழுகிறது என்று மேனேஜர் ஒருநாள் ஆடித் தீர்த்தார். "ஏதாவது பண்ணித் தொலைங்க." கொல்லையில் விரலளவு கனத்தில் ரப்பர் கிடந்தது. அளவெடுத்து வெட்டி விரித்தேன்.

"என்னப்பா, மெத்தை பலமா இருக்கே. தலகாணி எங்க?" என்றார் கைநழுவி. மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்கு அன்றைக்கெல்லாம் கால் தரையில் பாவவில்லை.

விரிப்புக்கு நேர் மேலே சுவரில் மேடம் எழுதி அனுப்பிய தாள் ஒட்டியிருந்தது: 'வெறும் கான்கிரீட்டில் மட்டும்.' கைநழுவிக்கு அது தெரியும். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது.*

* நாற்பத்தேழு வயதில் எழுத்துக் கூட்டினேன். அந்தத் தாளைப் படித்த அன்றே அவரிடம் காட்டினேன். "ஒன் கண்ணுலயும் பட்டுடுச்சா? மூணு வருஷமா கையெழுத்துப் போட்டிருக்கேன். பொத்திக்கிட்டுப் போ" என்றார். பொத்திக்கொண்டு போனேன். எட்டு மாதம். ஒன்பதாவது மாதம் அந்த அம்மா வங்கிக்குப் போனார்.

(அடிக்குறிப்பில் ஒளிக்கப் பார்த்தேன். அப்படியே கிடக்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும்.)

5.

வங்கியில் வெடித்தது எங்கள் ஆலைப் பிஸ்டல்தான் என்று தெரிந்த அன்று மதியம், எல்லாரும் சாப்பிடப் போனபின், கைநழுவி கதவைத் தாழிட்டார். விரிப்பைச் சுருட்டி ஓரம் தள்ளினார். பிஸ்டலைச் சாய்த்து மாட்டினார். விட்டார்.

சத்தமில்லை. அவர் மூச்சு வந்தது எனக்குக் கேட்டது.

மறுபடி விட்டார்.

டப்.

மூன்றாவது தடவையும் டப்.

கைநழுவி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எத்தனை பிஸ்டல், எத்தனை இடுப்பில் இப்போது தொங்குகிறது என்று அவர் மனது ஓடியது. வங்கி, கடை, பள்ளிக்கூட வாசல். குனிகிற ஒவ்வொரு மனுஷனும் அவர் கண்ணுக்குள் குனிந்தான்.

சாயங்காலம் மேனேஜர் ஆள் விட்டு விரிப்பை எடுத்துப்போய் எரித்தார். கோர்ட் விசாரணைக்குக் கம்பெனி அனுப்பிய கடிதம் சொல்கிறது: 'எங்கள் பிஸ்டல் ஒவ்வொன்றும் கான்கிரீட்டில் சோதிக்கப்பட்டது. விரல் படாமல் வெடிக்காது.' கூடவே கைநழுவியின் கையெழுத்து.

6.

முடிவு அ: விசாரணையில் கைநழுவி எழுந்து உண்மையைச் சொல்கிறார். காவலாளி வெளியே வருகிறார். அவர் மகள் ஓடிவந்து...

(மகள் இருக்கிறாளா என்றே எனக்குத் தெரியாது. எவன் மகளையோ ஏன் ஓடவிடுகிறேன்?)

முடிவு ஆ: கைநழுவி வாயைத் திறக்கவில்லை. நீங்கள் "ப்ச்" என்று பக்கத்தைத் திருப்புகிறீர்கள். எனக்கு அந்த "ப்ச்" வேண்டாம்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஒம்பேரு எந்தத் தாள்லயும் இல்ல. எம்பேரு நாலாயிரம் தாள்ல இருக்கு. என்னப் போய்ப் பேசச் சொல்றியே."

"நான் எழுதிட்டிருக்கேண்ணே."

"நல்லா எழுது. கதைன்னு போட்டுக்க. கதைக்கு எவனும் பயப்பட மாட்டான்."

உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னார்: "அந்தக் காவலாளிக்குப் பதிலா நீங்க உள்ள இருந்தா, அவரு இப்படித்தான் வீட்ல உக்காந்திருப்பாரா?" கைநழுவி என் முகத்தைப் பார்க்கவில்லை.

கதைக்கு எவனும் பயப்பட மாட்டான் என்று கைநழுவி சொன்னது சரி. எந்த முடிவை எழுதினாலும் கம்பெனி வக்கீல் 'கற்பனை' என்று சிரித்துவிட்டுப் போவார். அதனால் முடிவு கிடையாது. மன்னிப்பும் கேட்கப் போவதில்லை.

விசாரணை இன்று பதினோரு மணிக்கு. மேடம் தன் மூன்று கடிதங்களோடு வருகிறார். விரிப்பைப் பற்றி அவரிடம் சொன்னேன்; அதற்குக் கடிதம் கிடையாது, சாட்சி சொல்ல ஆள்தான் வேண்டும் என்றார். கைநழுவி வருவாரா, தெரியாது. சட்டையை மாட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அந்தக் காவலாளி நிற்கும் கூண்டுக்கு எதிரே போய் நின்று, "போட்டது நான்" என்று சொல்ல வேண்டும். அதை எழுதிவிடுவது சுலபம், இதோ எழுதியாகிவிட்டது. இனி வாயால் சொல்ல வேண்டும்.