மூன்று மாடி ஏறிய பெட்ரோல் வாடை

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, தெருவோரம் நின்ற வெள்ளைக் காரிலிருந்து கிளம்பிய பெட்ரோல் வாடை மூன்று மாடிப்படி ஏறி, கதவிடுக்கில் நுழைந்து, பல் தேய்த்துக்கொண்டிருந்த தையல்காரியின் முன்னால் போய் நின்றது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடுமே தவிர, படி ஏறாது. இது ஏறியது. வழியில் வேறு யாருடைய மூக்கையும் அது தொடவில்லை. தையல்காரிக்கு ஒன்பது வருடமாக மூக்கு வேலை செய்யவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மகள் பிறந்த வாரத்தில் வந்த காய்ச்சல் எல்லா மணத்தையும் துடைத்துக்கொண்டு போயிருந்தது. சொந்தபந்தம் எல்லாம் குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டபோது, அவளும் முகர்ந்து, ஒன்றும் தெரியாமல் சிரித்துச் சமாளித்தாள். இப்போது வாய் நிறைய நுரையோடு, "என்னங்க, பெட்ரோல் நாத்தம் அடிக்குதுங்க!" என்று அவள் கூவியது, பரிசு விழுந்த செய்திபோல் கீழ்த்தளம்வரை கேட்டது. பெட்ரோலின் பின்னாலேயே இன்னொரு மணமும் வந்ததாகவும், அது எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொள்வதாகவும் சொன்னாள்.

அந்தக் காரில் அலுவலக ஆட்களை ஏற்றி இறக்குவது அவள் கணவனின் பிழைப்பு. ஒரு மாதமாகவே வெயில் ஏறினால் கார் நடுரோட்டில் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உள்ளே பெட்ரோல் வாடையும் சேர்ந்துகொண்டது. பார்க்க வந்த மெக்கானிக்குக் 'காது' என்று பெயர் வைத்திருந்தார்கள், ஏனென்றால் கருவியை எடுப்பதற்கு முன் அவர் காதைத்தான் வைப்பார். பின் இருக்கையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். சாவி திரும்பியதும், இன்ஜின் ஓடுவதற்கு முன்பே, டாங்கிக்குள் மூழ்கிக் கிடக்கும் பம்ப் இரண்டு விநாடி ஓடிக் குழாயில் பெட்ரோலை அழுத்தி வைத்துவிட்டு நிற்கும். நல்ல பம்ப் வண்டுபோல் ஒரே சுருதியில் ரீங்கரிக்கும். இதுவோ, உறிஞ்சுகுழல் அடைத்துக்கொண்டவன் ஜூஸ் குடிப்பதுபோல் இழுத்து இழுத்து முனகியது. ஃபியூஸ் சரியாக இருந்தது. ஹாரனின் ரிலேயைக் கழற்றிப் பம்புக்கு மாட்டிப் பார்த்தும் அதே முனகல். ஆக, மின்சாரத்தில் குறையில்லை. பம்பின் அடியில் இருக்கும் சல்லடைப் பை அடைத்திருக்கிறது. பிறகு இருக்கையைத் தூக்கி டாங்கியின் மூடியைப் பார்த்தார்.

"யாருப்பா இதுல கை வெச்சது?"

கணவன் வானத்தைப் பார்த்தான். "சும்மா திறந்து பாக்கலாம்னு... விரல் அளவுதான்ணே தூக்கினேன். வாடை அடிச்சதும் மூடிட்டேன்."

"விரல் அளவு போதுமே! ரப்பர் வளையம் பெட்ரோல் குடிச்சா ஊதிடும், பழைய இடத்துல உக்காராது. நீ மடிச்சுத் திணிச்சிருக்க, ஊருக்குப் போறவன் பெட்டியில துணியைத் திணிக்கிற மாதிரி."

அந்த மடிப்பில் மூக்கை வைத்த காது, வெகுநேரம் எழவில்லை. எழுந்ததும், குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தது இந்தக் காரில்தானா என்று கேட்டார். இதில்தான், காய்ச்சலோடு தாய், அவள் மடியில் குழந்தை, இந்த மூடிக்கு நேர் மேலே என்றான் கணவன். அப்படியானால் கணக்குச் சரி என்றார் காது. பெட்ரோல் குறையக் குறைய டாங்கி வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் தகரம் சப்பிப்போகும். அன்றைக்குக் காருக்குள் இருந்த காற்றை அது இழுத்திருக்கிறது. குழந்தையின் உச்சந்தலை மணம் ஒன்பது வருடமாகச் சல்லடையில் படிந்து படிந்து, இப்போது வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மூடியைத் திறந்தால் அத்தனையும் ஒரே மூச்சில் போய்விடும். திறக்காவிட்டால், கசிகிற பெட்ரோலுக்கு ஒரு பொறி போதும்.

இன்னும் ஒரு வாரம் அப்படியே விட்டுவைக்கலாமே என்று கணவன் முணுமுணுத்தான்.

"கீழ் வீட்டுல அடுப்பு எரியுது. என் மூக்குக்காகத் தெருவையே கொளுத்தணுமா?" என்றாள், அதற்குள் படியிறங்கி வந்துவிட்ட தையல்காரி. "திறங்கண்ணே. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

பேட்டரி ஒயரைக் கழற்றினார்கள். நான்கு கதவுகளும் திறந்தன, தெருவில் அடுப்புகள் அணைந்தன. தையல்காரி காருக்குள் மண்டியிட்டு மூடியின்மேல் குனிந்தாள். காது மூடியைத் திருகித் தூக்கினார். முதலில் பெட்ரோல் வாடை வந்து, எந்தப் பெட்ரோல் வாடையும் போல இறங்கித் தரையோடு போயிற்று. அதன் பின்னால் மற்றது நிதானமாக எழுந்தது. அவள் பங்கில் ஒரு துளியும் குறையக்கூடாதென்று தெருவில் நின்ற அத்தனை பேரும், சைக்கிளை நிறுத்தி இறங்கியவர்கள் உட்பட, மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பதினொரு நிமிடம் அடக்கினார்கள். யாருக்கும் மயக்கம் வரவில்லை. மகள் மட்டும் எட்டிப் பார்த்து, "நான்தானாம்மா அது? நல்லா இருக்கேனா?" என்று கேட்டாள்.

"பேச வைக்காதடி, மூச்சு வீணாகுது" என்றாள் தாய், கண்ணைத் திறக்காமல்.

பிறகு புதுச் சல்லடையும் புது வளையமும் மாட்டப்பட்டன. பம்ப் வண்டுபோல் ரீங்கரித்தது, கார் வெயிலில் நிற்காமல் ஓடியது, மூன்றாம் மாடியில் எல்லா மணமும் மறுபடி அணைந்துபோனது. ஆனால் மறுநாள் ஏழேகாலுக்குக் கீழே சாவி திரும்பியதும், பம்ப் பாடிய அந்த இரண்டு விநாடி மட்டும் உச்சந்தலை மணம் படியேறி வந்துபோக, தையல்காரி ஊசியைக் கீழே வைத்தாள். காது வந்து ஒவ்வொரு இணைப்பையும் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை. சாவியை இரண்டு மூன்று தடவை திருப்பி வைத்துவிட்டுக் கிளப்பினால் அழுத்தம் நன்றாக ஏறும், வண்டிக்கும் நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கணவன் மூன்று தடவை திருப்பினான். ஆக, நாளொன்றுக்கு ஆறு விநாடி. வேறு எந்த மணமும் அவளுக்குத் திரும்பவில்லை. இஸ்திரிப் பெட்டிக்கடியில் இன்றும் எப்போதாவது ஒரு சட்டை கருகுகிறது.

பத்து வருடம் கழித்து மகள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல்நாள் தனியாக எடுத்தபோது சாவியைத் திருப்பி, இரண்டு எண்ணி, அணைத்தாள், மறுபடி, மறுபடி. தலையை வெளியே நீட்டி மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்தாள். அங்கிருந்து ஒரு கை, போதும் போ என்று அசைந்தது. அதன் பிறகே இன்ஜினைக் கிளப்பினாள்.