பின் சீட்டுப் பரீட்சை

என் மகளைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கேட்கப் பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. என்னோடு வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், என்னைக் கண்டாலே விலகி ஓடுகிறார்கள். அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் கூடத்தில். படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் மலைபோல வந்து குவியும். துணி உலர்த்தும் மெஷின்கள் நாள் முழுக்கக் கடகடவென்று உருண்டுகொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவளிடம் நேரம் என்ன என்று கேட்பதானாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அப்படியே எனக்குத் தொண்டை பழகிவிட்டது. வீட்டில் நான் ரகசியம் பேசினால்கூட மேல்மாடிக்காரர்களுக்கு அரைகுறை இல்லாமல் முழுசாகப் போய்ச் சேரும்.

எனக்குப் பிறந்தவள் நேர் எதிர். பூனை என்றுதான் கூப்பிடுவோம். வருவது தெரியாது, போவது தெரியாது. ஏதாவது கேட்டாள் என்றால் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். என் குரலில் பாதியை அவளுக்குக் கொடுத்திருந்தால் ரெண்டு பேருக்கும் நல்லது, தன் காதுக்கும் நல்லது என்பார் அவள் அப்பா. அவருக்கு நக்கலுக்குக் குறைச்சலே இல்லை.

பள்ளியின் கடைசி வருஷப் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டும் வகுப்பு ஆரம்பித்தார்கள். பூனைக்கு அதில் உயிர். சாப்பிட உட்கார்ந்தால் தட்டை ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்து, வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து, அப்புறம்தான் முதல் வாய். சாலை விதிகளுக்கு வைத்த எழுத்துப் பரீட்சையில் அவள்தான் முதல். தூக்கத்தில் எழுப்பி எந்தப் பலகையைக் காட்டினாலும் அர்த்தம் சொல்வாள். என்ன, நாம் குனிந்து கேட்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். வகுப்பு நடத்தும் மாஸ்டர் முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவர். எடுத்த எடுப்பில் யாருக்கும் ஸ்டியரிங்கைத் தர மாட்டார். மைதானத்து மூலையில் இன்ஜின் கழற்றிய பழைய கார் ஒன்று நிற்கிறது. பிள்ளை அதன் பின் சீட்டில் உட்கார வேண்டும். மாஸ்டர் முன்னால் உட்கார்ந்து, ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்து, போனைக் காதில் ஒட்டிக்கொண்டு, யாரோடோ பேசிச் சிரிப்பதுபோல நடிப்பார். "வண்டிய ஓரம் கட்டுங்க" என்று பின்னாலிருந்து சொல்ல வேண்டும். அவர் காதில் விழுந்தால் ரேடியோவை அணைத்துவிட்டுக் கட்டை விரலைக் காட்டுவார். விழாவிட்டால் பேசிக்கொண்டே இருப்பார். பின் சீட்டில் பாஸானவர்களுக்குத்தான் முன் சீட்.

பூனை இரண்டு தடவை பெயில்.

பெற்றோர் கூட்டத்தில் நான் சண்டைக்கே போனேன். கார் ஓட்ட வந்த பிள்ளைக்கு எதற்குத் தொண்டைப் பரீட்சை, அவள் என்ன கச்சேரிக்கா போகப் போகிறாள் என்று கேட்டேன். மாஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நான் ஆம்புலன்ஸ்ல தூக்கிப் போட்ட பிள்ளைங்கள்ல நெறைய பேர் வண்டி ஓட்டினவங்க இல்லம்மா. கூட உக்காந்து போனவங்க. வண்டி போற போக்கப் பாத்து பயந்துக்கிட்டேதான் இருந்திருக்காங்க. சொல்றதுக்குத்தான் வாய் வரல."

சண்டைக்கு எழுந்த நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

மூன்றாவது தடவை வருகிற வெள்ளிக்கிழமை என்றார்கள். அதிலும் பெயிலானால் இந்த வருஷம் அவளுக்கு ஸ்டியரிங் கிடையாது, பள்ளியும் முடிந்துவிடும். விடுவேனா? வீட்டில் பயிற்சி ஆரம்பித்தேன். வாஷிங் மெஷினை ஓடவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, நான் முன்னால் நின்றுகொண்டு "கத்துடி, இன்னும் கத்துடி" என்று கத்தினேன். என்ன சண்டை என்று விசாரிக்க மேல்மாடிக்காரர் இறங்கி வந்துவிட்டார். பூனைக்குக் கண் கலங்கியதுதான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வந்தார். அண்ணன் என்றால் எனக்கு அப்பா ஸ்தானம். ஊரையே வாயால் அடக்கும் எனக்கு அவர் முன்னால் மட்டும் நாக்கு எழாது. பூனை என்றால் அவருக்கு உயிர், அவள் நடக்கப் பழகியதே அவர் விரலைப் பிடித்துத்தான். டைல்ஸ் வியாபாரம் செய்கிறார். புதுசாகக் கார் வாங்கியிருந்தார், சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எங்களை ஒரு சுற்று அழைத்துப் போயே தீருவேன் என்று நின்றார்.

நான் முன்னால் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பூனை பின்னால் ஏறியதும் முதல் வேலையாக, பிளாஸ்டிக் உறைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி பெல்ட்டை வெளியே இழுத்தாள். பின்னால் உட்காருகிறவர்களுக்கு எதற்கு அதெல்லாம் என்று அண்ணன் சிரித்தார். வழியில் நான் வெள்ளிக்கிழமைப் பரீட்சையைப் பற்றிச் சொல்லிப் புலம்பினேன். பின் சீட்டில் உட்காரக்கூடப் பரீட்சையா என்று அதற்கும் விழுந்து விழுந்து சிரித்தார்.

பெரிய சாலையில் ஏறியதும் போன் அடித்தது. பாட்டை நிறுத்தாமலே எடுத்துப் பேச ஆரம்பித்தார். யாரோ கடைக்காரர், அனுப்பிய பெட்டியில் பாதி உடைந்திருக்கிறதாம். அண்ணனின் ஒரு கை போனில், இன்னொரு கை, இது எப்படி என் பொறுப்பு என்று கேட்பதற்காகக் காற்றில். முன்னால் போன லாரியின் பின்பக்கம் எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது. என் கால் தானாகவே தரையை அழுத்தியது, அங்கே பிரேக் இருந்தால்தானே. கடைசி நொடியில் ஒடித்துத் தப்பினார், பேச்சு மட்டும் நிற்கவில்லை. வாயைத் திறந்தேனா? இல்லை. அண்ணனாயிற்றே.

அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"மாமா, வண்டிய ஓரம் கட்டுங்க."

கத்தவில்லை. எப்போதும் பேசுகிற அதே குரல். அண்ணன் கவனிக்கவில்லை. அவள் முன்னால் சாய்ந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வந்து, மறுபடியும் சொன்னாள். மூன்றாவது தடவையும் சொன்னாள், ஒரு எழுத்து மாறாமல். அண்ணன் போனைக் கீழே இறக்கினார்.

"என்ன சொன்ன?"

"ஓரம் கட்டுங்க மாமா. பேசி முடிச்சிட்டு போலாம்."

அவர் முகம் சிவந்துவிட்டது. முப்பது வருஷமாக ஓட்டுகிறவனுக்கு, ஸ்டியரிங்கைத் தொட்டுக்கூடப் பார்க்காத சுண்டைக்காய் பாடம் நடத்துகிறதா என்று கேட்டார். பூனை பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொள்வது எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது.

"அப்ப நாங்க எறங்கிக்கறோம் மாமா."

நாங்க! என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் சடாரென்று ஓரம் கட்டி, இறங்குங்கள் என்றார். என்னைப் பார்த்தார், நீயுமா என்பதுபோல. நான் கதவைத் திறந்து இறங்கினேன். கார் போய்விட்டது.

பஸ் நிறுத்தம் வரை வெயிலில் நடந்தோம். மாமா இனிமேல் நம் வீட்டுக்கு வரவே மாட்டாரா என்று கேட்டு அழுதாள். எனக்கும் அந்த பயம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கணத்தில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. நான் வாயை மூடிக்கொண்டிருந்த இடத்தில் என் மகள் பேசியிருக்கிறாள். நடுரோடு என்றும் பார்க்காமல் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அதன்பிறகு அண்ணன் என் போனை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மைதானத்து வேலியோரம் போய் நின்றேன். பூனை பழைய காரின் பின் சீட்டில் ஏறினாள். ரேடியோ அலறியது. மாஸ்டர் போனைக் காதில் வைத்துச் சிரிக்க ஆரம்பித்தார். பூனையின் உதடு அசைந்தது. மறுபடியும் அசைந்தது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் கத்தினேன். ரேடியோ நிற்கவில்லை. கடைசியில் மாஸ்டர் கதவைத் திறந்து இறங்கி, இல்லை என்று தலையை ஆட்டினார். அவருக்கே முகம் வாடியிருந்தது.

எனக்குப் பக்கத்தில் யாரோ செருமினார்கள். பார்த்தால் அண்ணன். எப்போது வந்தார் என்றே தெரியவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்காமல் நேராக மாஸ்டரிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சார், இந்தப் பரீட்சைய என் மருமக ஞாயித்துக்கிழமையே எழுதிட்டா. என் வண்டியில."

மாஸ்டர் புரியாமல் பார்த்தார். அண்ணன் எதையும் மறைக்கவில்லை. லாரி, போன், நடுவழியில் இறக்கிவிட்டது, எல்லாவற்றையும் சொன்னார்.

"பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ஓடுச்சு. போன்லயும் பேசிக்கிட்டு இருந்தேன்."

"இவ குரல் உங்களுக்குக் கேட்டுச்சா?"

அண்ணன் பூனையைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுச்சு சார். அதுக்கப்புறம் போன் அடிக்கறப்பல்லாம் அதுதான் கேக்குது. ஓரம் கட்டிட்டுத்தான் எடுக்கறேன்."

மாஸ்டர் திரும்பி அந்தப் பழைய காரைப் பார்த்தார். நான் முன்னால் உட்கார்ந்து நடிக்கிறேன், இவள் நிஜமாகவே ஒரு வண்டியை நிறுத்தியிருக்கிறாளே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பூனையின் பக்கம் திரும்பிக் கட்டை விரலைக் காட்டினார்.

அன்றைக்கே அவளுக்கு ஸ்டியரிங். ஓடுகிற கார், வகுப்புக் கார். பூனை முன் சீட்டில் ஏறி, கண்ணாடியைத் திருத்தி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பக்கத்தில் மாஸ்டர். மருமகளின் முதல் ஓட்டத்தில் தானும் வரலாமா என்று அனுமதி கேட்டு, அண்ணன் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். எனக்கு இடமில்லாமல் இல்லை. வெளியே நின்று கண்குளிரப் பார்க்க வேண்டும் என்றுதான் ஏறவில்லை.

இன்ஜின் உறுமியது. மைதானத்தில் பிள்ளைகள் கைதட்டிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பூனை வண்டியை எடுக்கவில்லை. மெதுவாகப் பின்னால் திரும்பினாள். அவள் உதடு அசைந்தது.

எவ்வளவோ காதைத் தீட்டியும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனுக்குக் கேட்டது. அவசர அவசரமாகக் கையை விட்டு பெல்ட்டைத் தேடி இழுத்து மாட்டிக்கொண்டார்.

அப்புறம்தான் என் மகள் வண்டியை எடுத்தாள்.