மூன்றாவது கம்பத்தடி

மனிதன் நிற்கும் இடத்துக்கும் பந்து போகும் இடத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. மொன்ட்ரியால் தமிழர்களுக்கு இந்த உண்மையை முதன்முதலில் நிறுவியவன் நான். கல்லூரிப் பத்திரிகையில் இரண்டு பக்கம், ஒரு வரைபடம், ஏழு அடிக்குறிப்புகள். வாசித்தவர்கள் பதினொரு பேர். அதில் ஒருவர் அச்சுப்பிழை பார்த்தவர்.

ஆராய்ச்சிப் பொருள் என் அப்பா உருத்திரமூர்த்தி. பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் கிரிக்கெட் ஓடும்போது, விக்கெட் விழாதவரை ஒருவரும் அசையக் கூடாது. ஒருமுறை அம்மா குசினி வாசலில் தோசைக்கரண்டியோடு நாற்பது நிமிடம் நின்றார். "இஞ்சரும், அசையாதையும்! நல்லாப் போகுது" என்றார் அப்பா. தோசை கருகிப் புகைமணி அடித்தது. அதை நிறுத்தவும் யாரும் எழும்பவில்லை.

மே மாதச் சனிக்கிழமை காலை, தங்கை வினோஜாவோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அவளுக்குப் பதினைந்து வயது. பள்ளி பேஸ்பால் அணியில் ஷார்ட்ஸ்டாப்: இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நின்று உருண்டு வரும் பந்தைப் பிடித்து எறிகிறவள். அரைநாள் படிப்பு, அரைநாள் விளையாட்டு என்று நடத்தும் பள்ளி ஒன்றில் ஒரேயொரு இடம் இருந்தது. அதற்கு அன்று தேர்வு. பன்னிரண்டு வயதிலிருந்து அவள் வேறொன்றும் கேட்டதில்லை.

அப்பாவுக்குப் புவாண்ட்-கிளேர் களஞ்சியத்தில் அன்றும் வேலை. தொலைபேசியில் வந்தார்.

"தம்பி, மூண்டாம் பேஸுக்கு நேரை வேலியிலை ஒரு கம்பம் இருக்கு. இடப்பக்கத்திலை இருந்து மூண்டாவது. அதடியிலை நில். அவளின்ரை மட்ச் எல்லாத்துக்கும் நான் அதிலைதான் நிக்கிறனான்."

"அப்பா, விஞ்ஞானம் எண்டு ஒண்டு இருக்கு."

"இருக்கட்டும். நீ கம்பத்தடியிலை நில்."

"அண்ணை, நீ எங்கையும் நில்லு," என்றாள் வினோஜா. "ஆனா என்னைப் பற்றிக் கட்டுரை எழுதாதை."

இரண்டு வருடங்களுக்கு முன் இதே மைதானத்தில் இதே தேர்வுக்கு நானும் வந்திருந்தேன். இரண்டாம் பேஸ்காரன். அப்பா லீவு எடுத்து வந்து அந்தக் கம்பத்தடியில், கம்பிவலையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தபடி நின்றார். மற்றத் தகப்பன்மார் மடக்குக் கதிரைகளில் சாய்ந்திருந்தார்கள். "அப்பா, எல்லாரும் பாக்கினம். அந்தக் காப்பிக்கடையிலை போய் இருங்கோ" என்றேன். "ஓம், ஓம்" என்று போய்விட்டார். கடைசிப் பந்துக்கு முன், உண்மையாகவே போய்விட்டாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கம்பம் மட்டும் நின்றது. பந்து என் கால்களுக்கு நடுவால் போனது.

இரண்டுக்கும் தொடர்பில்லை. ஏழாவது அடிக்குறிப்பு அதைத்தான் சொல்கிறது.

என் கையுறையை விற்றுவிட்டதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கட்டிலுக்கடியில் இருக்கிறது. வடிவம் கெடாமலிருக்க உள்ளே பந்தொன்றை வைத்துக் கட்டியிருக்கிறேன்.

தேர்வை நடத்தியவர், என் தேர்வு நாளில் போலவே, பயிற்சியாளர் செலீன். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை. லாவாலிலிருந்து வந்த உயரமான பெண்ணின் எறி ரேடாரில் மணிக்கு நூற்றெட்டுக் கிலோமீற்றர் காட்டியது. வினோஜாவுக்குத் தொண்ணூற்றேழு. நான் பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மனிதப் பிறவியை இலக்கத்தில் எழுதும் மடமை பற்றி ஒரு கட்டுரைக்குத் தலைப்புக்கூட யோசித்துவிட்டேன். செலீன் தண்ணீர் குடிக்கப் பக்கத்தில் வந்ததும், கட்டுரையாளனுக்குரிய நிதானத்தோடு கேட்டேன்:

"தொண்ணூற்றேழு காணாதா?"

"கையின் வேகத்தைப் பேந்து வளர்க்கலாம்" என்றார் அவர் பிரெஞ்சில். உண்மையில் "பிறகு" என்பதற்கு எங்களூர்ப் "பேந்து"வை அவர் சொல்லவில்லை. ஆனால் சொல்லக்கூடிய முகம். "பந்து மட்டையில் படுகிற நேரத்திலேயே கால் புறப்படுகிறதா என்றுதான் பார்க்கிறேன். அதை என்னால் சொல்லிக்கொடுக்க முடியாது." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "உன்னை எங்கோ பார்த்திருக்கிறேன்."

"பொதுவான முகம், மதாம்."

ஆளுக்குப் பதினைந்து உருட்டுப் பந்துகள். வினோஜாவின் முறை வந்தது. முதலாவதுக்குப் பிந்திப் போனாள். இரண்டாவதுக்கும் பிந்தினாள். மூன்றாவது அவளது விரல் நுனியில் பட்டு விலகியது. ஒவ்வொரு பந்துக்கும் முன் அவள் தலை வலப்பக்கம் திரும்பி, வேலியைப் பார்த்து, மீண்டது. அந்தத் திரும்பலை எனக்குத் தெரியும். இந்த மைதானத்தில் அதை முதலில் செய்தவன் நான்.

எனக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர்க் குழாய்க்கு வேலியோரமாகவும் போகலாம். இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது கம்பத்தடியில் சப்பாத்து நாடா தளர்ந்துவிட்டது போலிருந்தது. இடது காலைத் தூக்கி வேலியின் அடிக்கட்டையில் வைத்தேன்.

வினோஜா திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. முழங்கால்களை மடித்துப் பதிந்தாள்.

மட்டைச் சத்தம் கேட்டபோது அவள் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தாள். பிடித்தாள், எறிந்தாள். செலீன் அட்டையில் ஒன்றும் எழுதாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும்.

மழை தூறத் தொடங்கியது. தகப்பன்மார் கதிரைகளை மடக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார்கள். என் இடது கால் விறைத்துவிட்டது. தொலைபேசி அடித்தது.

"தம்பி, எப்பிடிப் போகுது?"

"பரவாயில்லை."

"நீ எங்கை நிக்கிறாய்?"

"காப்பிக்கடையிலை இருக்கிறன்."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி பின்னால் வரும் பீப் பீப் சத்தம் கேட்டது.

"மழைச் சத்தம் கேக்குது."

"கடைக்கு வெளியிலை பெய்யுது."

"ஓம், ஓம்" என்றார், அன்றைக்குச் சொன்ன அதே குரலில். பிறகு: "எந்தக் கால் முன்னாலை?"

"இடது."

"மாத்தாதை."

வைத்துவிட்டார். இன்னும் ஐந்து பந்துகள் இருந்தன. மூக்கு நுனியில் ஒரு துளி தொங்கியது. நான் அதைத் துடைக்கவில்லை.